உதறக்கூடாத தெர்மாமீட்டர்

1. பெட்டி வந்தது

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. உத்திரமேரூர் பிளாக்கில் கிராம சேவிகா வேலை, தங்கியிருந்தது மானாம்பதியில். சேலையைப் பின் குத்திக் கட்டிக்கொண்டு கைப்பையோடு ஒருத்தி நடந்து போனால் அந்த ஊர்ப் பெண்களுக்கு அவள் டீச்சர்தான். அதனால் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தாமலே நான் டீச்சரம்மா ஆகிவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம், ஆபீஸ் ஜீப் வந்து மாதர் சங்கக் கட்டடத்தின் முன்னால் ஒரு பச்சை மரப்பெட்டியை இறக்கியது. கோழி இல்லாமல் குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர். பக்கவாட்டில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. அதன் சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே போகும். உள்ளே முட்டை அடுக்கக் கம்பித் தட்டு, அதற்குக் கீழே தண்ணீர்த் தட்டு, முட்டையின் உயரத்தில் இரண்டு தெர்மாமீட்டர். சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்த ரெகுலேட்டர் என்று ஒன்றும் இருந்தது. ஜீப் குலுங்கிய குலுக்கலில் அது வளைந்துபோயிருந்தது. ஆகவே விளக்குத் திரியைக் கூட்டுவதும் குறைப்பதும் என் வேலையாயிற்று.

எக்ஸ்டென்ஷன் ஆபீசர் நல்ல மனிதர், ஆனால் எப்போதும் காலில் வெந்நீர் கொட்டியதுபோல் நிற்பார். ஜீப்பில் ஏறியபடியே எனக்கு டிரெயினிங் முடித்துவிட்டார்.

"இதோ பாரும்மா. நூத்தி ரெண்டுலேர்ந்து நூத்தி மூணு டிகிரி. அவ்வளவுதான் விஷயம். ஊர்ல ஆயிரம் சொல்வாங்க. நீ தெர்மாமீட்டரை மட்டும் நம்பு."

நம்பினேன். அவர் சொல்லாமலே நம்பியிருப்பேன். திருமுக்கூடலில் நெல்லும் கரும்புமாக வளர்ந்த எனக்கு, கண்ணாடிக்குள் ஒரு வெள்ளி இழை ஏறி நின்று எண் சொல்வது சாமி வந்து சொல்வதுபோல் இருந்தது.

முட்டைக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. சேரிப் பெண்கள் எட்டுப் பேர் கோழி வளர்த்தார்கள். எல்லாரும் வயல் கூலி வேலை செய்பவர்கள். "உங்கள் கோழி இருபத்தோரு நாள் அடை உட்கார்ந்தால் அத்தனை நாளும் முட்டை இடாது. பெட்டி அடை காக்கட்டும், கோழி முட்டை இடட்டும்" என்று வீடு வீடாகச் சொன்னேன். அஞ்சலை என்றொருத்தி, வாய்த்துடுக்கு அதிகம், என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கோயி மிதிச்சி குஞ்சு சாவாதுன்னு சொல்வாங்க டீச்சரம்மா. பொட்டி மிதிச்சா இன்னா ஆவும்?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காமல் எழுந்து உள்ளே போனவள் குப்பம்மாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும்; கணவன் இல்லை, பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். தவிட்டுப் பானைக்குள்ளிருந்து ஒன்பது முட்டைகளை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"நீங்க கேக்கறீங்க, குடுக்கறேன். பொரிஞ்சா பொரியட்டும்."

அவள் கொடுத்த பிறகு மற்றவர்களும் கொடுத்தார்கள். மொத்தம் அறுபது. யாருடையது எது என்று தெரிய ஒவ்வொருத்தியும் அடுப்புக்கரியால் தன் குறியைப் போட்டாள். அஞ்சலைக்கு இரண்டு கோடு. குப்பம்மாளுக்கு ஒரு வட்டம். முதலில் கொடுத்தவள் என்பதால் அவளுடைய ஒன்பதையும் தட்டின் நட்டநடுவில் வைத்தேன். எனக்குத் தெரிந்த மரியாதை அதுதான்.

2. ஏற மறுத்த தண்ணீர்

இரண்டு தெர்மாமீட்டரில் ஒன்று சூடு பார்க்க. இன்னொன்றின் அடிக் குமிழில் துணி சுற்றி, அந்தத் துணியின் வாலை ஒரு சிறு கிண்ணத்துத் தண்ணீரில் விட வேண்டும். இதை வெட் பல்ப் என்பார்கள். துணி தண்ணீரை உறிஞ்சிக் குமிழை நனைக்கும். நனைந்த குமிழ் காற்றில் காயும்போது குளிரும். இரண்டு தெர்மாமீட்டருக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துப் பெட்டிக்குள் ஈரம் போதுமா என்று கண்டுபிடிக்கலாம்.

பெட்டியோடு வந்த துணி கிழிந்திருந்தது. ரவிக்கை தைக்க வாங்கிய புது மல் துணியில் ஓரம் கிழித்துக் கட்டினேன். அரை நாள் ஆகியும் இரண்டு தெர்மாமீட்டரும் ஒரே எண்ணைக் காட்டின. பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தின்படி அதற்கு அர்த்தம், பெட்டிக்குள் மழைக்கால ஈரம். வெளியே மாசி வெயிலில் உதடு வெடித்துக்கொண்டிருந்தது.

அதே கட்டடத்தின் அடுத்த அறையில்தான் மருத்துவச்சி ரோசம்மா இருந்தாள். அரசாங்க மருத்துவச்சி, என் வயதுதான், நானும் அவளும் சேர்ந்தே சமைத்துச் சாப்பிட்டோம். எட்டிப் பார்த்துவிட்டு, "புதுத் துணிய அப்படியே கட்டிக்கீறியா? அதுல கடைக்காரன் போட்ட கஞ்சி அப்படியே கீது. எங்க பேண்டேஜ் துணிய எதுக்கு வேக வெக்கிறோம்னு நெனச்ச?" என்றாள்.

கஞ்சி போக வேக வைத்துக் கட்டினேன். கிண்ணத்தில் வால் பட்டதும் ஒரு கருத்த கோடு துணியில் மேலே நகர்ந்தது. யாரும் இழுக்கவில்லை, யாரும் ஊதவில்லை. விரற்கடை அளவு உயரத்தை என் கண்ணெதிரிலேயே ஏறிக் குமிழைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் பாதரசம் மளமளவென்று பதினைந்து டிகிரி இறங்கியது.

தண்ணீர் பள்ளத்துக்குத்தான் பாயும் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஊர் முழுக்க ஏரித் தண்ணீரைப் பள்ளம் பார்த்துப் பாய்ச்சுகிறது. இங்கே அது மேட்டுக்குப் போகிறது. ரோசம்மாவிடம் சொன்னேன். அவள் தன் பெட்டியைக் குடைந்து, அம்மை குத்த வருகிறவர் மருந்தைப் பயன்படுத்திவிட்டுப் போட்டுப்போன காலிக் கண்ணாடிக் குழாய்கள் சிலவற்றை எடுத்தாள். துடைப்பக் குச்சியைவிட மெல்லியவை. சிவப்பு மையில் ஒன்றைத் தொட்டாள். மை விர்ரென்று ஏறி நடுவழியில் நின்றது. அதைவிட மெல்லிய இன்னொன்றைத் தொட்டாள். அதில் இன்னும் உயரம். வழி எவ்வளவு குறுகலோ அவ்வளவு ஏற்றம்.

பிறகு உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து அவள் சீசாவில் சேர்த்து வைத்திருந்த பாதரசத்தில் அதே மாதிரிக் குழாயை வைத்துப் பார்த்தாள். பாதரசம் உள்ளே வரவே இல்லை. வாசலிலேயே உருண்டு திரண்டு, தொட்டால் தீட்டு என்பதுபோல் கண்ணாடியை விட்டு விலகி நின்றது. அது விஷம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. உள்ளங்கையில் உருட்டி விளையாடினோம். இன்றைய பிள்ளைகள் அதைச் செய்யாதீர்கள்.

துணி என்பது நூல். நூல் என்பது பஞ்சிழை. இழைக்கும் இழைக்கும் நடுவே உள்ள இடுக்கெல்லாம் மெல்லிய குழாய்கள். கஞ்சி அந்த வழிகளை அடைத்திருந்தது, அவ்வளவுதான். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இப்படித்தான். தினமும் விளக்கேற்றி வளர்ந்தவள், எண்ணெய் எப்படி மேலே வருகிறது என்று அதுவரை ஒருநாளும் கேட்டதில்லையே என்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது, மெய்சிலிர்க்கவும் செய்தது.

3. தெருவில் கோழி இல்லை

முட்டை வைத்த ஆறாம் நாள் சேரியில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. காலையில் இரை பொறுக்கிய கோழி மத்தியானம் கழுத்தைத் தொங்கப்போடும்; மறுநாள் இருக்காது. தடுப்பூசி உத்திரமேரூரிலிருந்து வந்து சேர்ந்தபோது குத்துவதற்குக் கோழி இல்லை. நான்கே நாளில் எட்டு வீட்டிலும் கூண்டு காலி.

குப்பம்மாளிடம் மூன்று கோழிகள் இருந்தன. மூன்றாவதையும் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நேரே சங்கத்துக்கு வந்தாள். உடம்பு வலிக்கிறதா என்று கேட்டால்கூட ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவள் அவள்.

"இனிமே பொட்டிக்குள்ள கீறதுதான் டீச்சரம்மா. வேற ஒண்ணுமே இல்ல."

அன்று அவளுக்கு கேண்ட்லிங் செய்து காட்டினேன். கதவு ஜன்னலைச் சாத்தி, துளை போட்ட தகர டப்பாவுக்குள் விளக்கை வைத்து, துளையில் முட்டையைப் பிடித்தால் உள்ளே இருப்பது தெரியும். வட்டக் குறி போட்ட முட்டை ஒன்றைப் பிடித்தேன். சிவந்த வெளிச்சத்தில் சிலந்தி வலைபோல நரம்புகள். நடுவில் ஒரு கரும்புள்ளி, அது துடித்தது. மயிரைவிட மெல்லிய குழாய்களில் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று தெரியாது. குப்பம்மாள் அடிக்குரலில், "உள்ள வூடு கட்டிக்கினு கீது" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் தினமும் வயல் வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்துவிடுவாள். முட்டைகளை நாளுக்கு மூன்று முறை திருப்பி வைக்க வேண்டும்; மத்தியானத் திருப்பலை அவளே ஏற்றுக்கொண்டாள். மற்றப் பெண்களும் அவ்வப்போது வந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். அஞ்சலைகூட வாயை மூடிக்கொண்டு பார்ப்பாள். அந்த அறுபது முட்டைதான் அந்தத் தெருவின் மொத்தக் கோழி. அதற்குக் காவல் நான், என் கையில் ஒரு தெர்மாமீட்டர்.

4. புலியைப் பார்த்து

பதினோராம் நாள் சாயங்காலம் ரோசம்மா ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் காய்ச்சல் பார்த்ததை நான் கூட இருந்து பார்த்தேன். வாயில் வைப்பதற்கு முன் தெர்மாமீட்டரை மேல்நுனியில் பிடித்து, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி உதறினாள். எதற்கு என்று கேட்டேன்.

"உதறலன்னா பாதரசம் இறங்காது. பழைய ஆள் காய்ச்சலயே காட்டிக்கினு நிக்கும்" என்றாள்.

அந்த வெட்டு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. படித்தவள் கையசைப்பு. மறுநாள் காலை பெட்டியைத் திறந்தபோது தெர்மாமீட்டர் நூற்று மூன்றரை காட்டியது. முதல் நாளைவிட அதிகம். பாதி நாள் தாண்டினால் முட்டைக்குள் வளரும் உயிரே சூடு தரும், அதனால் கூடும் என்று புத்தகத்தில் இருந்தது. நான் நுனிப்புல் மேய்ந்தவள். அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. பழைய சூடு கண்ணாடியில் நின்றுவிட்டது என்று முடிவு செய்தேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாக, எடுத்து உதறினேன்.

எங்கள் தெர்மாமீட்டர் ஒரு சிறு தகரப் பலகையில் பொருத்தியது. அடியில் குமிழுக்குப் பக்கத்தில் நிற்கக் கால்கள். பிடிக்க வசதியாக இருந்ததால் அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டு உதறினேன். அதாவது ரோசம்மா பிடித்த நுனிக்கு நேர் எதிர் நுனியை. உதறி உள்ளே வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தொண்ணூற்றொன்பதரை. பார்த்தாயா, உதறாமல் விட்டிருந்தால் முட்டைகள் குளிரில் விறைத்திருக்குமே என்று என்னையே மெச்சிக்கொண்டேன். திரியைக் கூட்டினேன்.

பத்து மணிக்கு நூறு. மறுபடி கூட்டினேன். உச்சிப் பொழுதில் நூற்றிரண்டு. மனம் நிறைந்து சாப்பிடப் போனேன்.

5. கண்ணிமை

மூன்று மணிக்குக் குப்பம்மாள் வந்தாள். பெட்டியைத் திறந்து தட்டின் நடுவில் கை வைத்தவள் நின்றுவிட்டாள். ஒரு முட்டையை எடுத்தாள். வலது கண்ணை மூடி, மூடிய இமையின் மேல் முட்டையை ஒத்தினாள். அடைக்கோழி வைத்தவர்கள் அப்படித்தான் சூடு பார்ப்பார்கள். உள்ளங்கை காய்ப்புக் காய்த்துப்போன உழைப்பாளிக்கு உடம்பில் மிச்சமிருக்கும் மெல்லிய தோல் அதுதான்.

"டீச்சரம்மா, கொதிக்குது."

"நூத்தி மூணுதான் இருக்கு. சரியான சூடு."

"இல்லம்மா. கோயி வயித்துல இம்மாஞ்சூடு இருக்காது. கொதிக்குது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாளாக நீங்க, வாங்க என்று பேசிக்கொண்டிருந்தவள் ஒரு நொடியில் மாறினேன். "நீ சும்மா இரு குப்பம்மா. உன் கண்ணு பெரிசா, கண்ணாடி பெரிசா? ஒனக்கு இன்னா தெரியும்?"

சொன்ன வாயை அப்போதே கிள்ளிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் கோபமும் இறங்கவில்லை. அவள் பதிலுக்குக் கோபப்படவில்லை. கிட்டே வந்து, "கண்ண மூடு" என்றாள். மூடினேன். முட்டையை என் இமையில் வைத்தாள்.

சுட்டது. முகத்தை இழுத்துக்கொள்ளும் அளவுக்குச் சுட்டது.

"கண்ணாடி சொல்றது இருக்கட்டும்மா. மொதல்ல கதவ தொற, வெளக்க கொற. அப்பால பேசிக்கலாம்."

திறந்தேன், குறைத்தேன். அந்த முட்டையைத் தட்டில் வைக்கும்போது குறியைப் பார்த்தேன். வட்டம். நடுவில் வைத்த அவளுடைய முட்டை. பெட்டியில் நடுப்பகுதிக்குத்தான் சூடு அதிகம், ஓரங்களில் இரண்டு மூன்று டிகிரி குறைவு. அது எனக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது.

6. சீரகம் அளவு

தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு ரோசம்மாவிடம் ஓடினேன். ஒரு சொம்பில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, அவளுடைய காய்ச்சல் தெர்மாமீட்டரையும் என்னுடையதையும் குமிழ் நனைய வைத்தோம். அவளுடையது நூற்று மூன்று. என்னுடையது தொண்ணூற்றொன்பது.

நான்கு டிகிரி. அப்படியானால் நான் நூற்று மூன்று என்று பார்த்துக்கொண்டிருந்தபோது முட்டைகள் நூற்று ஏழில் வெந்துகொண்டிருந்தன.

"எங்கயாவது போட்டியா?" என்றாள் ரோசம்மா.

"இல்ல. உதறத்தான் செஞ்சேன். நீ உதறின மாதிரி."

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி, உதறறது எங்க காய்ச்சல் கண்ணாடிக்குத்தான்டி! இங்க பாரு." தன் தெர்மாமீட்டரின் குமிழுக்கு மேலே நகத்தால் காட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் கூர்ந்து பார்த்தேன். இழை ஓடும் வழி அந்த இடத்தில் மட்டும் நெரித்ததுபோல் ஒடுங்கியிருந்தது. சூடானால் பாதரசம் விரிந்து அந்த நெரிசலைத் தாண்டி மேலே போகும். குளிர்ந்தால் திரும்ப வர அதற்குப் பலம் போதாது. அந்த இடத்தில் இழை அறுந்து மேலேயே நிற்கும். அதனால்தான் வாயிலிருந்து எடுத்து ஆறவமரப் படிக்க முடிகிறது, அதனால்தான் உதறவும் வேண்டியிருக்கிறது. என்னுடையதில் நெரிசல் கிடையாது. அது தானே ஏறும், தானே இறங்கும். உதறினால் அறுந்துதான் போகும்.

அப்படியானால் அறுந்த துண்டு எங்கே? தெர்மாமீட்டரை முழுக்கப் பார்த்தோம், காணவில்லை. மேல்நுனியைப் பலகையோடு பிடித்து வைக்க ஒரு தகரப் பட்டை இருந்தது. ரோசம்மா கத்தி முனையால் அதன் திருகைக் கழற்றினாள். பட்டைக்கு அடியில், நூற்றுப் பதினாறு கோட்டுக்கு மேலே, சீரகம் அளவில் ஒரு வெள்ளித் துண்டு அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.

குமிழைக் கீழாகப் பிடித்தேன், விழவில்லை. தட்டினேன், அசையவில்லை. அகலமான பாத்திரத்தில் பாதரசத்தைப்போலக் கனமாக விழும் திரவம் வேறு கிடையாது. மயிரிழை வழிக்குள் மாட்டியதும் அதே பாதரசம் கீழே இருக்கும் தன் சொந்த உடம்போடு போய்ச் சேர முடியாமல் தொங்குகிறது. அந்த வழி அவ்வளவு குறுகலாக இருப்பதால்தான் குமிழில் கண்ணுக்கே தெரியாத ஒரு துளி விரிந்தாலும் மேலே ஒரு கோடு ஏறுகிறது. நமக்கு எண் சொல்லும் அதே குறுகல்தான் என்னை ஏமாற்றவும் செய்தது.

"சூடு காட்டினா கீழ கீறது மேல ஏறி அத தொடும்" என்றாள் ரோசம்மா. "ஆனா என்னுத எடுத்துடு. நூத்தி எட்டு தாண்டினா என்னுது வெடிச்சிடும்."

தன்னுடையதை எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டாள். சொம்பில் வெந்நீரைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்தோம். வாசற்படியில் குப்பம்மாள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நூற்றைந்து. நூற்றுப் பத்து. ஒவ்வொரு கரண்டிக்கும் இழை கொஞ்சம் ஏறியது. நூற்றுப் பதினைந்து. நடுவே இருந்த இடைவெளி ஒரு எள் அளவு ஆயிற்று. நான் மூச்சு விடவில்லை. இன்னும் அரைக் கரண்டி.

தொட்டது. தொட்ட கணத்தில் இரண்டும் ஒன்றாயின. எங்கே ஒட்டியது என்று தேடினாலும் தெரியாதபடி ஒரே இழை. தண்ணீர் ஆற ஆற, முழுசாக, ஒரு சேதாரமில்லாமல் கீழே இறங்கி வந்தது. ரோசம்மா தன்னுடையதை உதறினாள்; மறுபடி இரண்டையும் சேர்த்து வைத்தோம். அதுவும் நூற்று ஒன்று, இதுவும் நூற்று ஒன்று.

நான் அழுதுவிட்டேன். பயத்திலா, அந்த அதிசயத்திலா என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் முடியவில்லை.

மறுநாள் ஆபீசர் வந்தார். ரிப்போர்ட்டில் "தெர்மாமீட்டரை உதறிக் கெடுத்தது நான்" என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "ஏம்மா வம்பு? கருவிக் கோளாறுன்னு எழுதிட்டுப் போயேன்" என்றார்.

"கருவியில கோளாறு இல்ல சார். தன்னை உதறச் சொல்லி அது கேக்கல" என்றேன். ரிப்போர்ட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போனார்.

7. இருபத்தோராம் நாள்

பதினெட்டாம் நாள் கேண்ட்லிங் செய்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓரத்து முட்டைகளில் குஞ்சு புரண்டது. நடுவில் இருந்தவை அசையவில்லை. குப்பம்மாளுடைய ஒன்பதில் ஒன்றுகூட அசையவில்லை. சொல்ல வாய் வரவில்லை. பொரிக்கும்வரை விட்டுப் பார்ப்போம் என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன்.

இருபத்தோராம் நாள் விடிந்ததும் பெட்டிக்குள் கீச்சுச் சத்தம். கதவைத் திறந்தால் ஈரமும் வெதுவெதுப்புமாக ஒரு மணம். ஓரமெங்கும் ஓடுகள் உடைந்து, நனைந்த பஞ்சுபோல் குஞ்சுகள். என் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். அஞ்சலை. வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்க்க வந்திருக்கிறாள். அவள் குஞ்சுகளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தட்டின் நடுவைப் பார்த்தாள். ஒன்பது வட்டம், ஒன்பதும் முழுசு.

"குப்பம்மாவுதா?"

தலையாட்டினேன்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல. என்னாலதான்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டக்கூடிய வாய்தான் அது. ஆனால் அந்த ஒன்பதையும், பொரிக்காத மற்றவற்றையும் மடியில் கட்டிக்கொண்டு போய் எருக்குழியில் புதைத்துவிட்டு வந்தாள். வந்து, தட்டில் கிடந்த உடைந்த ஓடுகளையெல்லாம் வாரி முறத்தில் போட்டு, இரண்டு கையாலும் நொறுக்கினாள். கோடு, புள்ளி, சிலுவை, எல்லாக் குறியும் அவள் விரலிடுக்கில் கரித்தூளாயிற்று.

எட்டுப் பேரும் வந்து சேர்ந்தபோது முறத்தைக் காட்டினாள். "எந்த ஓடு யார்துன்னு தெர்ல. அவசரத்துல நொறுக்கிட்டேன். இன்னா இப்போ, குஞ்சு குஞ்சுதான? ஆளுக்கு நாலு. மிச்சம் ரெண்டு, கண்ணுல வெச்சிப் பாத்தவளுக்கு."

முப்பத்து நான்கு குஞ்சுகள். கணக்கு அவள் மனதில் முன்பே போட்டு வைத்ததுதான். யாரும் மறுக்கவில்லை. நான் ரிஜிஸ்தரில், "குறிகள் அழிந்துவிட்டன; சமமாகப் பிரிக்கப்பட்டது" என்று எழுதினேன். என் உத்தியோகத்தில் நான் தெரிந்தே எழுதிய ஒரே பொய் அதுதான், அதிலும் பாதி உண்மை.

குப்பம்மாள் முறத்தைப் பார்த்தாள், அஞ்சலையின் கரி படிந்த கையைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"என்னுத நடுவுல வெச்சீங்களே டீச்சரம்மா. அன்னிக்கு கண்ணுல வெச்சனே, அப்பவே தெரியும் எனக்கு."

அவள் காலில் விழுந்திருப்பேன். அதற்குள் குனிந்து ஒரு குஞ்சை எடுத்துவிட்டாள். இரண்டு கையிலும் பொத்தி, வலது கண்ணை மூடி, இமையில் ஒத்தினாள். குஞ்சு கத்தியது.

"சரியா கீது" என்றாள். "சூடு சரியா கீது."

அதற்குப் பிறகு முப்பது வருஷம் வேலை பார்த்தேன். எத்தனையோ பண்ணைகளுக்கு எத்தனையோ தெர்மாமீட்டர் என் கை வழியாகப் போயிற்று. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொன்னது ஒன்றுதான்: எண்ணைப் படிப்பதற்கு முன்னால் இழையை அடியிலிருந்து நுனிவரை பாருங்கள், பட்டையைக் கழற்றியும் பாருங்கள். அதற்கும் முன்னால், பக்கத்தில் ஒருத்தி கொதிக்கிறது என்று சொன்னால், முதலில் கதவைத் திறங்கள்.